மறைந்த பேசும் படங்களும் பாட்டுப் புத்தகச் சான்றும்

ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைத்தில. புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களைக் கொண்டே அவற்றின் இயல்பு ஓரளவு உணரப்படுகிறது. அச்சில பாடல்களை வைத்துக்கொண்டு காப்பியம் முழுவதற்கும் தீர்ப்புக் கூறப் புலவர் எவரும் துணிவதில்லை. ஆனால், ஏட்டுச் சுவடிகளிடத்துக் காட்டப்படும் இவ்வடக்கம் தமிழின் தொடக்கக் காலப் பேசும் படங்களிடத்துக் காட்டப்படுவதில்லை. "அவை நாடகத்தைப் படம் பிடித்தவை, பாட்டு மிகுந்தவை, கலை குன்றியவை" என்னும் தீர்ப்பு நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு வருகிறது. அங்ஙனம் எழுதுவோருட் பெரும்பாலோர் அப்படங்களைக் கண்டவரல்லர், காணவும் இயலாது. படங்களே இல்லை.

'காளிதாஸ்' இதற்குத் தக்க சான்று. எச். எம். ரெட்டி இயக்கி, பம்பாய் இம்பீரியல் கம்பெனியார் தயாரித்த அப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னைக் கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளிவந்தது. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிற் பேச, கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கிற் பேசினார். மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டுக்கள் இயற்றினார். பழைய வடமொழிப் புலவனின் கதைக்குள் காந்தியடிகளின் கைராட்டினத்தைப் போற்றும் பாட்டொன்றும் இடம்பெற்றது. இவ்வளவும் பத்திரிகைக் குறிப்பு, விளம்பரம், புகைப்படம், அச்சிட்ட பாட்டு, கண்டவர் நினைவு ஆகியவற்றால் அறியப்படுவன. படத்தின் பிரதி ஒன்றேனும் இதுவரை கிடைத்திலது.

இச்சான்றுகளால் எதனைத் துணியலாம், எதனைத் துணியலாகாது என்பதே திறனாய்வாளர் முதலிற் கேட்க வேண்டிய வினா. ராட்டினப் பாட்டு இருந்தமையால், தேசிய உணர்ச்சி முதற் படத்திலேயே திரைக்குள் புகுந்துவிட்டது என்று துணியலாம். அது சொல்லால் நிறுவப்படுவது. அப்பாட்டு எவ்வாறு பாடப்பட்டது, ராஜலக்ஷ்மியின் முகம் அப்போது எதனைக் காட்டிற்று, ஒளிப்பதிவு எத்தகையது என்பனவற்றைத் துணியலாகாது. பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியல் உண்டு, கதைச் சுருக்கம் உண்டு, பாட்டுண்டு. நடிப்பு இல்லை. வரி மட்டும் கையிலிருக்க, நடிப்பைக் குறை கூறுவது முறையன்று.

ஏனைய சான்றுகளிலும் எச்சரிக்கை வேண்டும். அக்காலத்து இசைத்தட்டுக்கள் பல படத்தின் ஒலியினின்றும் எடுக்கப்பட்டவை அல்ல. தனியே பாடிப் பதிவு செய்யப்பட்டவை. விளம்பரம் விற்பவன் வாய்மொழி. முதியோர் நினைவோ ஒன்றோடொன்று கலப்பது. 'வள்ளி திருமணம்' 1933இலும், அதே கதை 'ஸ்ரீ வள்ளி' என்று 1945இலும் வந்தன. 'பவளக்கொடி' 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடிக்க வந்தது, 1949இல் டி. ஆர். மகாலிங்கம் நடிக்க மீண்டும் வந்தது. நாடகக் கம்பெனிகளும் இக்கதைகளையே நடித்தன. ஆதலின், "பவளக்கொடி பார்த்தேன்" என்னும் பெரியவர் எதனைப் பார்த்தார் என்பது விசாரித்தறிய வேண்டியதாம்.

ஒரே தாள் நெடுநாள் நம்பிக்கையை மாற்றக்கூடும். முதல் முழுநீளத் தெலுங்குப் பேசும் படமான 'பக்த பிரகலாதா' 1931 செப்டம்பர் 15இல் வெளிவந்ததென்று பல்லாண்டு எழுதப்பட்டு வந்தது. பத்திரிகையாளர் ரெண்டால ஜெயதேவா தணிக்கைச் சான்றையும் பழைய பத்திரிகைகளையும் ஆராய்ந்து, அது வெளிவந்த நாள் 1932 பிப்ரவரி 6 என்று காட்டினார். 'காளிதாஸ்' அதற்கு முற்பட்டது என்பது இதனால் தெளிவாயிற்று. படம் இன்றியும் ஆராய்ச்சி நடைபெறும். ஆனால் தாள் இன்றி நடைபெறாது.

படங்கள் அழிந்ததன் காரணமும் அறியத்தக்கது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆயது, எளிதில் தீப்பற்றும், நாள்பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படங்களின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றவரும் உண்டு. புனே நகரில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964இல். 'காளிதாஸ்' வெளிவந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர். அங்கே பி. கே. நாயர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை பல. சேர்த்தவற்றுள்ளும் நைட்ரேட் சுருள்கள் மிகப் பல 2003 ஜனவரித் தீயில் அழிந்தன.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தாயகத்தில் அழிந்தது பிறநாட்டில் பிழைத்திருத்தல் கூடும். ஜெர்மானியப் படமான 'மெட்ரோபோலிஸ்' இழந்த பகுதிகள் 2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் வெளிப்பட்டன. 1919இன் 'பில்வமங்கள்' படத்தின் ஒரு பகுதி பாரிசிலிருந்து 2016இல் இந்தியாவுக்குக் கிடைத்தது. 1930களில் தமிழ்ப் படங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. இந்நாட்டவரும் இவ்விழப்புக்குப் புறம்பானவரல்லர், பி. எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் இயக்கிய முதல் மலாய்ப் பேசும் படமாகிய 'லைலா மஜ்னு'வும் மறைந்ததே.

ஆகவே சிரம்பான், ரெம்பாவ், தம்பின், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தேட வேண்டுவது எது? படச்சுருளைத் தோட்டத்து லயங்களில் எதிர்பார்த்தல் வீண். அது விநியோகஸ்தர் கிடங்கிலும் பழைய அரங்கிலும் தேடற்பாலது. லயத்தில் தேடத்தக்கவை பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, நோட்டீசு ஆகியன. கப்பலேறி வந்தவர் டிரங்குப் பெட்டியின் அடியில் சேலைக்குக் கீழே கிடப்பவை இவையே. ஆனால் பால்மரம் செம்பனையாயிற்று. செம்பனைக் காடு வீடமைப்புத் திடலாயிற்று. ஒவ்வொரு லயம் இடிபடும்போதும் பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

செய்யத்தக்கது அரிதன்று. கிடைத்த புத்தகத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஒட்டுத்தாள் ஒட்டாமல் காகித உறையிலிட வேண்டும். எந்தத் தோட்டம், யார் குடும்பம், எந்த ஆண்டு அவர்கள் வந்தனர் என்பதை உறையின்மேல் எழுத வேண்டும். அட்டையில் ஆண்டு இராவிடினும் நடிகர் பெயரும் கம்பெனிப் பெயரும் இருக்கும். அவற்றால் இரு 'பவளக்கொடி'களைப் பிரித்தறியலாம். சுருள் எங்கேனும் அகப்பட்டால் நெருப்பருகில் திறத்தலாகாது. காப்பகத்தார்க்கு அறிவித்தலே முறை.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன் வீடு வீடாகச் சென்று ஏடு தேடினார். ஏட்டைக் கண்டபின்னரே அதனைப் பற்றி எழுதினார். தமிழ்ப் படத்தைப் பற்றி எழுதுவோர்க்கும் அவ்வொழுங்கே ஒழுங்கு. தேடாமல் எழுதிய தீர்ப்பு, கேளாமல் வழங்கிய தீர்ப்பாகும்.