திரைக்குக் கீழே அரை முழம்

கர்ண மோட்சக் கூத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தரையில் உட்கார வையுங்கள். ஜமுக்காளம் இல்லையென்றால் கோணி போதும். நாற்காலி மட்டும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனையோ பேரிடம் மனக்கசப்பு சம்பாதித்திருக்கிறேன். ‘மண்ணில் உட்கார வைத்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள்’ என்பார்கள். அந்தப் பெற்றோரும் அதே மண்ணில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பாரதம் பார்த்தவர்கள்தானே. அது கிடக்கட்டும்.

நாற்காலியில் இருப்பவனுக்குத் திரை தெரியும். தரையில் இருப்பவனுக்குத்தான் திரைக்குக் கீழே இருக்கிற அரை முழம் தெரியும். எனக்குக் கூத்து என்பதே முக்கால்வாசி அந்த அரை முழம்தான்.

இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே இரண்டு பாதம். ஆள் இன்னும் வரவில்லை, குரல் வந்துவிட்டது. விருத்தம் ஏறுகிறது, அதை முகவீணை வாங்கிக்கொண்டு இன்னும் மேலே போகிறது, பின்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதம் என்ன செய்கிறது என்று பாருங்கள். துரியோதனன் கால் ஓர் இடத்தில் நிற்காது. துச்சாதனன் கால் திரையையே எத்தும். செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் கர்ணன் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், குரல் உச்சிக்குப் போகும்போது பாதத்தை அசைக்கவே மாட்டார். இடது குதிகால் மட்டும் ஒரு விரற்கடை எழும்பி அப்படியே நிற்கும். சலங்கையில் ஒரு மணி பேசாது. மேலே அத்தனை ஆரவாரம், கீழே அத்தனை அடக்கம். சாகப்போகிறோம் என்று தெரிந்து போருக்குக் கிளம்புகிறவனின் கால் அது. பாட்டு முடிந்து மிருதங்கம் விழுந்ததும் அந்தக் குதிகால் தரையைத் தொடும். அந்த ஒரு தட்டுக்காக நான் ஏழெட்டு ஊர்களுக்கு அவர் பின்னால் போயிருக்கிறேன். பெரிய பட்டம் விருது எதுவும் வாங்கியவர் அல்ல. பகலில் கழனி வேலை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு சித்திரை மாதம் அவர் கூத்துக்குக் கூட்டிப் போனேன். ராத்திரிப் பயணத்துக்கு அனுமதி வாங்கியது தனிப் பாரதம், அதைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கூத்தைப் பார்க்கவில்லை. கோமாளியான கட்டியக்காரன் வந்தபோது சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள், முறுக்கு தின்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூத்துக்காரர்களும் சொல்லவில்லை. விடிய விடிய ஆடப்போகிறவன் முதல் மணி நேரத்திலேயே கூட்டத்தோடு மல்லுக்கு நிற்க மாட்டான். பிறகு கர்ணனுக்குத் திரை பிடித்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் சட்டென்று குனிந்தான். பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அவனும் குனிந்தான். அடுத்து ஒரு வரிசையே கன்னத்தைக் கோணியில் வைத்துக்கொண்டு திரைக்கு அடியில் பார்த்தது. அந்தப் பையன் திரும்பி, பாதிக் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்:

“சார், கர்ணனுக்குப் பித்தவெடிப்பு சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தனை வருஷம் அந்தக் காலைப் பார்த்தவன். குதிகால் எழும்புவதைப் பார்த்தேனே ஒழிய வெடிப்பைப் பார்த்ததில்லை. மேலே கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடியும் ஜிகினாவும் ஒட்டிய அங்கதேசத்து ராஜா. கீழே நாற்று நட்டுச் சேறு ஏறிய குதிகால். திரை விலகியபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் தேடினார்கள். அதன்பிறகு விடியும்வரை அவர்களில் பாதிப்பேர் தூங்கவே இல்லை.

கதகளி ரசிகரான நண்பர் ஒருவர் இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பார். திரை என்றால் கதகளியின் திரைநோக்குதான் என்பது அவர் கட்சி. திரைச்சீலையைப் பற்றிய விரல்கள், அதைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டும் கண்கள், அந்தப் பிரமாண்டம். ஒப்புக்கொள்கிறேன், அதற்கு இணை கிடையாது. ஆனால் அங்கே வேஷம் பாடாது. பாட்டு பின்னால் நிற்கிற பாகவதருடையது. இங்கே சொந்தத் தொண்டையாலேயே தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், அதுவும் முகத்தைக் காட்டாமல். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரிகிறது. வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்று ‘உள்ளே வரலாமா ஐயா’ என்று கேட்கிறவனின் நிலைமைதானே இதுவும்.

இன்னொரு கட்சி உண்டு. நாடகம் என்றால் ஊசி விழுந்தால் கேட்க வேண்டும், மாணவர்களுக்கு முதலில் அந்த ஒழுக்கத்தைக் கற்றுத்தர வேண்டும் என்பவர்கள். சென்னையில் எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரியான அரங்கில் அது சரி. அந்த இருட்டுக்கும் அந்த நாற்காலிக்கும் அந்த மௌனம் பொருந்தும். கூத்துக் களரியில் மௌனம் என்றால் கூட்டம் தூங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று பொன்னுருவி தர்க்கத்தின்போது நடந்ததைச் சொல்கிறேன். புருஷன் கர்ணன் போருக்கு விடை கேட்கிறான்; அவள் குலம் கோத்திரம் கேட்கிறாள். பொன்னுருவி கட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் கைவைத்து அவர் முதல் கேள்வியைப் போட்டதும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, “வுடாதக்கா, நல்லாக் கேளு!” என்று கத்தியது. பொன்னுருவி பாட்டை நிறுத்தி, “நீயே கேளு தாயே, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு” என்றார். கட்டியக்காரன் விடுவானா? “ராசா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கணக்குக் கேக்க வந்திருக்குதுங்க. பதிலை நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு” என்றான். களரியே குலுங்கியது.

பிறகு தர்க்கம் கனத்தது. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்கிற இடம் வந்தபோது என் நாற்பது பேரும் சட்டென்று அடங்கிப்போனார்கள். யாரும் உஷ் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவர்களுக்குப் பழக்கமான கேள்வி. தெருவில், திருவிழாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கேட்டிருப்பார்கள். அக்காவுக்குக் கட்சி கட்டிய அதே பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு கர்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்தில் கட்சி மாறிவிட்டது. கத்த விட்டதால் வந்த மௌனம் இது. கைகட்டி வாய்பொத்தி உட்கார வைத்திருந்தால் வந்திருக்காது.

திரும்பி வந்து பள்ளியில் கொடுத்த தாளில் முதல் கேள்வி: ‘இந்நாடகம் உணர்த்தும் நீதி யாது?’ எல்லோரும் கொடையின் சிறப்பை எழுதினார்கள். பித்தவெடிப்பைக் கண்டுபிடித்தவனுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண். போட்டது நான் இல்லை.

கூத்தைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பையன்களும் பெண்களும் பாடப் புத்தகமும் படித்தார்கள், அடவும் கற்றார்கள். தன் வயதுப் பெண் ஒருத்தி கட்டை கட்டிச் சுழன்று கிறுக்கி அடிப்பதைப் பார்க்கும் பள்ளி மாணவியின் முகம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு பஸ் ஏற்பாடு செய்யலாம். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு அந்தக் குருகுலமும் மூடப்பட்டது. முரளி மனோகரின் ‘கர்ண மோட்சம்’ குறும்படத்தில், பள்ளிக்கூடத்தில் ஆட வந்த கூத்துக்காரர் அன்று பள்ளி விடுமுறை என்று தெரிந்து வேஷப் பையோடு நிற்பார். அந்தப் படத்தைக் கதை என்றே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது பள்ளிகள் கேட்பது நாற்பத்தைந்து நிமிடக் கூத்து. கொடுக்கிறார்கள், ஜமாவுக்கும் வயிறு இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடத்தில் முதலில் வெட்டுப்படுவது திரை. ‘நேரா வந்துடுங்க சார், பசங்களுக்கு போரடிக்கும்’ என்று ஏற்பாடு செய்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் விலகுகிற வெல்வெட் திரை கலையரங்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அது போதுமாம். அது தரையைத் துடைத்துக்கொண்டு தொங்குகிறது. கீழே அரை முழம் என்ன, அரை விரல் கூடத் தெரியாது. காலர் மைக் வேறு. குரல் திரைக்குப் பின்னாலிருந்து வராமல் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து வருகிறது. பிள்ளைகள் ஆளைப் பார்க்காமல் பெட்டியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன பங்குனியில் ஒரு திரௌபதியம்மன் கோவில் பாரதத்துக்குப் போயிருந்தேன். ஏதோ ஒரு பள்ளியிலிருந்து வேனில் வந்த பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். ஆசிரியை ஒருவர் அவர்களுக்காக நாற்காலி தேடிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை, நல்லகாலம். எனக்கு முட்டி வலி, ஆனாலும் பிள்ளைகளோடு தரையில்தான் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு முதல் திரை வந்தது. ஆள் புதியவர், இருபத்தைந்து வயதுகூட இராது. குரல் கொஞ்சம் மெல்லிசு. நான் வழக்கம்போலக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தட்டியது.

“தாத்தா, தலைய அந்தாண்ட சாய்ச்சிக்கோ. காலு தெர்ல.”