யாரைத் தன்னார்வலர் என்கிறோம்? என் பழைய குறிப்பு ஒன்றைப் பற்றி

போன வாரம் பழைய மடிக்கணினியிலிருந்து கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, 2015 டிசம்பரில் நான் எழுதிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. ‘வெள்ளத்தில் கரையாத மனிதநேயம்’ என்று தலைப்பு. நாலு பத்தி. அப்போது நண்பர்கள் நிறைய பேர் பகிர்ந்தார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. நடை மோசம் என்பதால் இல்லை (நடையும் மோசம்தான்). அந்த நாலு பத்தியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். அதனால்தான்.

இந்தத் தளத்தில் மற்றவர்கள் எழுதியதை நிறைய விமர்சித்திருக்கிறேன். ஒரு தடவை என்னுடையதையே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்பில் உள்ள கோளாறு எனக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த மாதம் வந்த எத்தனையோ கட்டுரைகளிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வந்தவற்றிலும் அதே கோளாறைப் பார்க்கலாம்.

முதலில் எளிதான பிழை. ‘செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், முடிச்சூர் மூழ்கியது’ என்று எழுதியிருக்கிறேன். அப்போது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. அது வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதற்கும் கீழே, திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் ஆற்றில் சேர்கிறது. அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததும் அதனால் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் பட்ட பாடும் உண்மை. ஆனால் முடிச்சூரின் கதை வேறு. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதற்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே, முடிச்சூர் ஒருமுறை மூழ்கி எழுந்திருந்தது. ஆக, எங்கள் பகுதிக்கு வந்தது எங்கோ ஒரு மதகு திறந்ததால் வந்த திடீர் விபத்து இல்லை. ஏரிகளின் வழியும் ஆற்றின் கரையும் பல வருஷமாக அடைபட்டதன் விளைவு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது ஆட்கள். என் குறிப்பில் ‘தன்னார்வலர்கள்’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. ஆறு இடத்திலும் அந்தச் சொல் குறிப்பது ஒரே மாதிரி ஆட்களை: ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், வாட்ஸ்அப் குழு வைத்து உணவுப் பொட்டலம் சேர்த்தவர்கள். அவர்கள் செய்தது சின்ன விஷயம் இல்லை. நானே அவர்கள் கொண்டுவந்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் கடற்கரைக் குப்பங்களிலிருந்து தங்கள் படகுகளைக் கொண்டுவந்து ஆட்களைத் தூக்கியவர்கள் என் குறிப்பில் ‘மீனவர்கள்’ மட்டும்தான். மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அழைத்துவரப்பட்டு, பலர் கையுறைகூட இல்லாமல் அழுகிய குப்பையை அள்ளினார்களே, அவர்கள் ‘துப்புரவுப் பணியாளர்கள்’. அவர்களுக்கு அரை வரி. நான் எழுதியதன்படி, வேலையில்லாத நேரத்தில் உதவினால் தன்னார்வம். வேலையே உதவியாக இருந்தால் அது வெறும் வேலை.

‘அவர்களுக்குக் கூலி உண்டே’ என்று கேட்கலாம். படகோடு வந்த மீனவர்களில் பலர் கூலி பேசிக்கொண்டு கிளம்பியவர்கள் இல்லை. 2018 வெள்ளத்தில் கேரள அரசு மீனவர்களை மாநிலத்தின் சொந்தப் படை என்று கொண்டாடியது, படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அறிவிக்கவும் செய்தது. பணம் அறிவித்ததால் அவர்களுடைய செயலின் மதிப்பு யார் கண்ணிலும் குறையவில்லை. கூலி இருக்கிறதா இல்லையா என்பது இங்கே அளவுகோலே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாருடைய உதவி நம்மை ஆச்சரியப்படுத்துகிறதோ அவரைத் தன்னார்வலர் என்கிறோம். மடிக்கணினிக்காரர் மண்வெட்டி எடுத்தால் ஆச்சரியம். மண்வெட்டிக்காரர் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் குறிப்பில் அறவே இல்லாத ஒருவர் உண்டு. எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர். நகரத்தில் ஒரு பாக்கெட் பால் 100 ரூபாய்க்கு விற்றதாகச் செய்தி வந்துகொண்டிருந்த அந்த இரண்டு நாளும், இடுப்பளவு தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். குழந்தை இருக்கிற வீடுகளுக்கு முதலில் கொடுத்தார். பழைய விலைதான். “சில்லறை இல்லன்னா அப்புறம் குடுங்க சார், எங்க போயிடப் போறீங்க” என்றார். ஏன் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அவர் தினமும் வருகிறவர்.

சரி, சொல்லோடு நிற்காமல் அதன் பின்னால் இருக்கிற கதைக்கும் வருவோம். என் குறிப்பின் மூன்றாவது பத்தி வரலாறு பேசுகிறது. ‘நம் முன்னோர்கள் குடிமராமத்து என்ற பெயரில் ஊர்கூடி ஏரியைத் தூர்வாரினார்கள், அந்தப் பண்பாடுதான் இன்று இளைஞர்களிடம் மறுபடி துளிர்க்கிறது’ என்கிற ரீதியில் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணங்களைப் பார்த்தால் நெருடுகிறது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகச் சொல்கின்றன. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு வேண்டும். அதாவது ஏரியை நிர்வகித்தவர் யார் என்று கல்வெட்டு சொல்கிறது. மண்ணைச் சுமந்தவர் யார் என்று அந்தத் தகுதிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

அங்கிருந்து நேராக 1858-க்கு வாருங்கள். சென்னை மாகாணத்துக்கென்றே அந்த வருஷம் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். ஏரியோ ஆறோ கரை உடையும் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை வேலைக்கு அழைக்கலாம். வர மறுத்தால் தண்டனை. வழக்கமான குடிமராமத்து வேலைக்கு ஆள் தராதவர்களிடம் அதற்கு ஈடாகப் பணம் வசூலிக்கவும் அதே சட்டம் வழி செய்தது. எல்லோரும் ஆசையாக வந்து செய்துகொண்டிருந்தால் சட்டத்துக்கு என்ன வேலை? குடிமராமத்தில் கூட்டு உழைப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் கட்டளை, யார் தோள் என்கிற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது. சாதியும் நிலவுடைமையும் பிரித்துக் கொடுத்த வேலையை ‘தன்னார்வம்’ என்று நான் எழுதியது சோம்பேறித்தனம்.

இதில் ஒரு வேடிக்கை. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது மணிமங்கலம் ஏரியில். முடிச்சூருக்குத் தண்ணீர் வருகிற அதே பக்கம். முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். அதில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். மீதிப் பங்கு அரசுப் பணம். பெயரில் இருக்கிற ‘குடி’ எவ்வளவு, திட்டத்தில் இருக்கிற ‘குடி’ எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம் பண்றதெல்லாம் வீணா?’ என்று கேட்பீர்கள். இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சிட்லப்பாக்கம் ஏரி இருக்கிறதே, அதுவே நல்ல எடுத்துக்காட்டு. 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி ஆக்கிரமிப்பில் 50 ஏக்கருக்கும் கீழே சுருங்கிவிட்டது. கழிவுநீர், கரையில் குப்பைமேடு. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரிகளும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம். அந்த வறட்சியில் சிட்லப்பாக்கம் ரைசிங் என்ற குடியிருப்போர் குழுவும் ஊர்க்காரர்களும் காய்ந்த ஏரிக்குள் இறங்கி, அவர்களே தூர்வார ஆரம்பித்தார்கள். அந்த வருஷமே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது.

படங்களில் நாம் பார்த்தது மண்வெட்டியை. அங்கே ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன், கையுறையோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். ஆனால் கைகளால் அள்ளிய மண்ணை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு ஏரி நிரம்பாது. அந்தக் குழுவினர் ஏரியைப் பற்றி வருஷக்கணக்கில் மனு கொடுத்து, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். மண்வெட்டி அந்தக் கேள்விகளுக்கு ஊரைச் சாட்சியாக்கியது. அதன் பெரிய பயன் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் சேலையூர் பக்கம் நாங்கள் குடிவந்த தெருவில் இருக்கும் ஓர் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் தெரு மழைநீர் வடிகால் முக்கோடு நின்றுபோய், அடுத்த தெருவில் தொடர்பே இல்லாமல் கிடந்தது. அவர் வீட்டில் அதற்கென்று ஒரு கட்டு பைல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பி, 30 நாள் எண்ணி, பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அவர் கேட்ட கேள்வி எல்லாம் ஒரு வரிதான்: இந்த வடிகால் எந்த ஏரியில் போய்ச் சேர வேண்டும்? மதிப்பீட்டில் எத்தனை மீட்டர்? கட்டியது எத்தனை மீட்டர்? ஒன்றரை வருஷம் ஆயிற்று, விட்டுப்போன துண்டைக் கட்டி முடிக்க. “தம்பி, மண்ணு அள்ளக் கூப்பிட்டா அம்பது பேர் வராங்க. இந்தப் பைலைத் தூக்கிட்டு ஆபீசுக்குக் கூட வாங்கன்னா ஒருத்தரும் வரமாட்டேங்கறீங்க” என்றார் ஒருநாள். அந்த ஒருத்தரும் வராதவர்களில் நானும் உண்டு.

பேரிடரில் மனிதர்கள் இயல்பாகவே ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்று ரெபெக்கா சோல்னிட் 2009-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கம். இடிபாட்டில் மாட்டியவர்களை அக்கம்பக்கத்தாரே தோண்டி எடுத்தார்கள். ஆனால் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. வீடிழந்தவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வீடு கேட்டார்கள். தையல் பட்டறைகள் இடிந்து தோழிகளை இழந்த பெண்கள், நிலநடுக்கத்தின் தேதியையே பெயராக வைத்து ‘செப்டம்பர் 19’ என்று தொழிற்சங்கம் கட்டினார்கள். உதவி அங்கே கோரிக்கையாக மாறியது. நான் எழுதியது போன்ற குறிப்புகள் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. ‘அரசு வராவிட்டால் என்ன, நாம் இருக்கிறோம்’ என்று ஒரு கைதட்டலோடு முடித்துவிடுகின்றன.

இங்கேதான் முதலில் சொன்ன பிழை முக்கியமாகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எழுதினால், யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியாது. மிச்சம் இருப்பது மனிதநேயம் மட்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். 2023 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி தண்ணீரில் நின்றன. மறுபடி படகு, மறுபடி பொட்டலம், மறுபடி என்னுடையதைப் போலவே நாலு பத்திக் குறிப்புகள்.

உதவியவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் குறை சொல்வது உதவியைப் பற்றி எழுதுகிறவர்களை, அதாவது என்னை.

இதை எழுதும் முன் பழைய தெருவுக்குப் போய்வந்தேன். அந்தப் பால்காரர் இன்னும் அங்கேதான் பால் போடுகிறார், இப்போது டிவிஎஸ் வண்டியில். 2015-ஐப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சிரித்தார். “அன்னைக்கு எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே எடுத்துட்டேன் சார். கொண்டாந்து குடுக்காம விட்டா கெட்டுப்போயிருக்கும். அவ்ளோதான்.” வண்டியைக் கிளப்பியவர் மறுபடி நிறுத்தி, தெருக்கோடிக் கால்வாயைக் காட்டினார். “அத எழுதுங்க. அந்த அடைப்பு எடுத்து ரெண்டு வருஷமாச்சு.”

பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதற்குக் கீழே அவரையும் அந்தக் கால்வாயையும் சேர்த்திருக்கிறேன். கால்வாயைப் பற்றி ஒரு மனுவும் எழுதியாயிற்று. பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்க வேண்டியதுதான் பாக்கி.