விடுதிக்காரர் சொல்லும் தஞ்சாவூர்

தஞ்சாவூர் விடுதிகளின் வரவேற்பு மேசையில் வரைபடம் இல்லாமல் போகலாம். நேரக் கணக்கு இருக்கும். "பெரிய கோயிலா? விடியல்ல போங்க சார், இல்லேன்னா நாலு மணிக்கு மேல. மத்தியானம் நடை சாத்தியிருக்கும், கல்லு வேற சுடும்." 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த 216 அடி விமானம் சாயங்கால வெயிலில் தேன் நிறமாவதைப் பார்த்தால், அந்த யோசனையின் அருமை புரியும்.

பகலுக்கு அரண்மனை. சரஸ்வதி மகால் நூலகத்தை எல்லோரும் சொல்வார்கள். கலைக்கூடத்துச் செப்புத்திருமேனிகளுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளை இல்லாமலே அதன்மேல் கையூன்றி ஒயிலாக நிற்கிறார்.

பலரும் தவறவிடுவது, கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம். மரணப்படுக்கையில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பம் அங்கே உண்டு. வடித்தவர் இங்கிலாந்தின் ஃபிளாக்ஸ்மன். ராஜா குருவுக்குச் செய்த மரியாதை. ஊரில் இதற்கு ஈடான மராட்டியர் காலச் சிற்பம் வேறில்லை என்றே சொல்லலாம்.

மறுநாள் திருவையாறு. ஆறுகளைப் பாலம் பாலமாகக் கடந்து போனால் அசோகா அல்வா கிடைக்கும். பாசிப்பருப்பில் கிண்டுவது, சூடாகச் சாப்பிடுங்கள், பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் பாதி ருசிதான்.