வேலையின்மையும் 'பொருத்தமின்மை'க் கோட்பாடும்: ஒரு சமூகவியல் நோக்கு

வேலையின்மையைத் தனிமனிதனின் சோம்பலாகவோ திறமைக் குறைவாகவோ கொள்ளும் மனப்பாங்கு நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. அமெரிக்கச் சமூகவியலாளர் சீ. றைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட 'சமூகவியற் கற்பனை' என்னும் நூலில் இம்மயக்கத்தைத் தெளிவுபடுத்தினார். 100,000 பேர் வாழும் நகரில் ஒருவன் மட்டும் வேலையற்றிருப்பின் அஃது அவனது சொந்த இடர். 5 கோடி உழைப்பாளரைக் கொண்ட நாட்டில் 1.5 கோடிப் பேர் வேலையற்றிருப்பின் அது சமூக அமைப்பின் பிரச்சினை என்பது அவர் காட்டிய வேறுபாடாகும். எனினும் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட பின்னரும் பழியானது வேறொரு வடிவில் வேலையற்றோர் மீதே சுமத்தப்படலாம் என்பதற்கு இலங்கையின் அனுபவம் சான்றாகும்.

1971 ஏப்ரலில் தென்னிலங்கையின் கற்ற இளைஞர் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினர். டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவின் அறிக்கை அவ்வாண்டே வெளிவந்தது. வேலைவாய்ப்புக்களையும் எதிர்பார்ப்புக்களையும் பொருந்தச் செய்தல் என்பதே அதன் தலைப்பு. பொருளாதார அமைப்பின் குறைபாடுகளையும் அவ்வறிக்கை விரிவாக ஆராய்ந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், பின்வந்த விவாதங்களில் நிலைபெற்றது 'பொருத்தமின்மை' என்னும் கருத்தே. இளைஞர் எட்டாத உத்தியோகங்களை எதிர்பார்க்கின்றனர். கல்வியை மாற்றினால் எதிர்பார்ப்பும் மாறும் என வாதிக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளிற் புகுத்தியது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. இம்முயற்சி வேரூன்றாமைக்கு அரசியல் மாற்றம் மட்டும் காரணமன்று. பெற்றோரும் மாணவரும் பாடத்தின் உள்ளடக்கத்தை நோக்கவில்லை. சான்றிதழின் சந்தைப் பெறுமதியையே நோக்கினர். றொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட 'சான்றிதழ் நோய்' என்னும் நூலில் இலங்கையையும் ஓர் உதாரணமாகக் கொண்டு இதனை விளக்கினார். காலந்தாழ்த்தி அபிவிருத்தியில் இறங்கிய நாடுகளில் உத்தியோகத் தெரிவு சான்றிதழையே பெரிதும் நம்பியிருப்பதால், தகுதிகளின் மதிப்பு விரைந்து வீழ்கின்றது. நேற்று சாதாரண தரம் போதுமாயிருந்த பதவிக்கு இன்று பட்டம் வேண்டப்படுகின்றது.

எனவே எதிர்பார்ப்பு இளைஞரின் மனக்கோளாறன்று. அமைப்பு கற்பித்த பாடம். 1945 முதல் இலவசக் கல்வி கிராமந்தோறும் பரவியது. தாய்மொழியிற் கற்றோர் பெருகினர். தனியார்துறையின் உயர்பதவிகளோ ஆங்கிலத்தையே வேண்டின. ஓய்வூதியமும் நிரந்தரமும் அரச சேவையிலேயே கிட்டின. இந்நிலையில் அரச நியமனத்துக்காகக் காத்திருத்தல் நியாயமான கணிப்பே.

றொபேட் மேட்டன் 1938இல் முன்வைத்த கோட்பாடும் ஈண்டு நோக்கற்பாலது. சமூகம் வலியுறுத்தும் இலக்குகளுக்கும் அவற்றை அடைய அனுமதிக்கும் வழிகளுக்கும் இடையிலான முரணே நெறிபிறழ்வைத் தோற்றுவிக்கின்றது என்றார் அவர். 1971இன் கிளர்ச்சியாளரை இக்கோட்பாடு ஓரளவு விளக்கும். ஆயின், காத்திருக்கும் பட்டதாரி பிறழ்ந்தவனல்லன்; இலக்கையும் வழியையும் ஒருங்கே ஏற்று ஒழுகியவன். ஒழுகியும் பயன்பெறாதவனின் நிலைபற்றி மேட்டனின் வகைப்பாடு அதிகம் பேசுவதில்லை.

தமிழ் இளைஞர் விடயத்தில் இக்குறைபாடு மேலும் துலக்கமாகின்றது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் அரச சேவையின் வாயிலைச் சுருக்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் சுருக்கியது. இங்கு வழிகள் இயல்பாகப் பற்றாக்குறையாயிருக்கவில்லை. அரசின் தீர்மானத்தால் குறுக்கப்பட்டன. வழியைக் குறுக்கும் கையை வினவாத கோட்பாடு பாதி உண்மையையே கூறும்.

2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் தொடர் போராட்டம் நடத்தினர். 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் அரசினாற் பயிலுநராக உள்வாங்கப்பட்டனர். இத்தகைய நியமனம் காத்திருப்போரின் துயரைத் தற்காலிகமாகத் தணிக்கும். அடுத்து வருவோரிடம் அதே எதிர்பார்ப்பை உறுதிப்படுத்தவும் செய்யும். உற்பத்தித் துறைகளிற் பாதுகாப்பும் மதிப்பும் உள்ள தொழில்கள் தோன்றாதவரை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு இளைஞருக்கு உபதேசிப்பது சமூகவியலாகாது. அநீதியை அறிவுரையாக மாற்றுவதேயாகும்.