விரலசைவும் நிய்யத்தும்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உடலியங்கியல் அறிஞராக விளங்கிய பெஞ்சமின் லிபெட், தம் ஆய்வுகளின் சாரத்தை 2004இல் 'மைண்ட் டைம்' என்னும் நூலாக வெளியிட்டார். மனிதனுக்குச் சுயவிருப்பம் இல்லை என வாதிடுவோர் பலரும் இன்றளவும் சான்றாகக் காட்டுவது இந்நூல் விவரிக்கும் சோதனையையே. செயலின் மதிப்பை நிய்யத்தைக் கொண்டு அளக்கும் மரபைச் சார்ந்த நாம் இதனைக் கண்டும் காணாமல் கடந்துவிட இயலாது.

மூளையின் எண்ணற்ற நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னி இயங்கும்போது எழும் மின்மாற்றங்களை, தலைமேல் பொருத்தப்படும் மின்வாய்கள் அலைகளாகப் பதிவு செய்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதனிடம் இப்பதிவை முதன்முதலாக எடுத்தார். ஒருவர் தாமாகவே கையை அசைக்கும் முன்னர் இவ்வலைகளில் மெதுவான ஒரு மாற்றம் தோன்றுவதை கோர்ன்ஹூபர், டேக்கே இருவரும் 1965இல் எடுத்துரைத்தனர். லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனை இதன் தொடர்ச்சியாகும். விரும்பியபோது கையை அசைக்குமாறும், அசைக்கும் எண்ணம் எழுந்த கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியைக் கொண்டு குறித்துச் சொல்லுமாறும் அவர் பணித்தார். மின்மாற்றம் அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லி விநாடிக்கு முன்னும், எண்ணம் 200 மில்லி விநாடிக்கு முன்னும் தோன்றின. செயலைத் தொடங்குவது மூளை. அதைத் தடுக்கும் ஆற்றல் மட்டுமே நம்முடையது என்பது அவர் முடிபு.

மனிதனை இயந்திரமாகச் சுருக்காமல் தடுக்கும் ஆற்றலையேனும் விட்டுவைத்தது லிபெட்டின் நேர்மை. ஆயினும் அவர் முடிபு சான்றின் எல்லையை மீறுகிறது. அந்த மெதுவான மாற்றம் ஒற்றைப் பதிவில் தெளிவாகப் புலப்படுவதன்று; பல அசைவுகளின் பதிவுகளை, அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்துப் பெறப்படுவது. ஏரிநீர் காற்றில் ஏறியும் இறங்கியும் அலைகிறது. அது கரையை மீறிய வேளைகளை மட்டும் தெரிந்தெடுத்துப் பின்னோக்கி அளந்தால், நீர் ஒழுங்காக உயர்ந்து வந்ததாகவே தோன்றும். அதனால் கரை கடக்க நீர் முன்னரே முடிவு செய்தது என்போமா? நரம்பணு வலையமைப்பின் இயல்பான ஏற்ற இறக்கமே இச்சராசரியைத் தோற்றுவிக்க வல்லது என்று ஷுர்கர், சிட், தெஹான் ஆகியோர் 2012இல் ஒரு மாதிரியின் வழி காட்டினர். லிபெட் 2007இல் மறைந்துவிட்டார். இவ்வாதத்துக்கு அவரது மறுமொழியைக் கேட்கும் வாய்ப்பு நமக்கில்லை.

தடுக்கும் ஆற்றலுக்கு அவர் தரும் சான்றும் வலுவானதன்று. குறித்த நேரத்தில் அசைக்க ஆயத்தமாகி, இறுதிக் கணத்தில் நிறுத்துமாறு முன்னரே பணிக்கப்பட்டோரிடம் பெற்ற சான்று அது. பணித்தபடி நிறுத்துவது சுயமான தடுத்தல் ஆகுமா?

தீய உந்துதல் எழுவதையே பாவமெனக் கொள்ளும் சமயப் போதனையை லிபெட் மறுக்கிறார். செயலுக்கே மனிதன் பொறுப்பு என்கிறார். இவ்வினா நம் மரபுக்குப் புதிதன்று. உள்ளத்தின் ஊசலாட்டங்களை, அவை சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, அல்லாஹ் மன்னித்துவிடுகிறான் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் தோன்றும் எண்ணம், அதன்பால் சாய்வு, உள்ளத்தின் தீர்ப்பு, உறுதி என நான்கு படிகளைப் பிரித்து, முதலிரண்டுக்கும் குற்றமில்லை என்கிறார். ஆனால் உறுதி கொண்டபின் புறத்தடையால் மட்டும் செயல் நின்றுபோனால், பொறுப்பு நீங்காது என்கிறார். லிபெட் எல்லைக்கோட்டைத் தசையின் அசைவில் வரைகிறார். கஸ்ஸாலி உள்ளத்தின் உறுதியில் வரைகிறார். காரணமேதுமின்றி விரலை அசைக்கும் சோதனை இந்த உறுதியைத் தீண்டவே இல்லை. ரமளான் இரவில் மறுநாள் நோன்புக்கு நிய்யத் வைப்பவரின் தீர்மானத்தை மில்லி விநாடிகளால் அளப்பது எங்ஙனம்?

இதனால் 2012ஆம் ஆண்டு ஆய்வு நம் நம்பிக்கையை மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்வதும் பிழையே. அதுவும் அலைகளின் தோற்றத்தை விளக்கும் ஒரு மாதிரிதான், நாளை திருத்தப்படலாம். ஒரு சோதனை கண்டு அஞ்சி, மற்றொரு சோதனை கண்டு ஆறுதல் கொள்வோமாயின், நம் ஈமானை ஆய்வேடுகளின் தயவில் விட்டவர்களாவோம். லிபெட்டின் நூலை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். பதிவு எதைக் காட்டுகிறது, ஆசிரியர் எதைச் சேர்க்கிறார் என்று பிரித்தறியும் பயிற்சியுடன் படிக்க வேண்டும்.