குடல் ஒரு கோட்டைச் சுவரா?

குடல் ஆரோக்கியம் பற்றி வரும் வீடியோ, கட்டுரை எதை எடுத்தாலும் ஒரே உவமைதான். சளிப்படலம் ஒரு கோட்டைச் சுவர், அது உடைஞ்சா கிருமி உள்ளே வந்துடும், அதனால சுவரைப் பலப்படுத்துங்க. எங்க துறை ஆட்கள் எழுதினா அது ‘ஃபயர்வால்’ ஆகிடும். இந்த உவமை பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து.

சரியான பாதி இது. பெருங்குடலில் சளி இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும், செல்களை ஒட்டிய உள் அடுக்கில் கிட்டத்தட்ட எதுவும் நுழையாது. அதற்கு அடியில் இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். டைஃபாய்டு கிருமி அதைக் கடந்து உள்ளே போகும், ஷிகெல்லா அதைச் சிதைக்கும்.

ஆனா காலரா? அது சிறுகுடலின் தளர்வான சளியை நீந்திக் கடந்து செல் மேல் ஒட்டிக்கொள்ளும். இடிக்காது, உள்ளேயும் போகாது. நஞ்சை மட்டும் விடும். செல் குளோரைடை வெளியே கொட்டும், பின்னாடியே தண்ணியும் போகும். 1959ல் கல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமியே இல்லாத வடிநீரை முயல் குடலில் செலுத்தி இதைக் காட்டினார். பிறகு நோயாளிகளின் குடல் திசுவை எடுத்துப் பார்த்தபோது செல் வரிசை குலையாமலே இருந்தது.

அது குலையாததால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து செல்லுக்குள் போகும் வழி திறந்தே இருக்கு, கூடவே தண்ணியும் போகும். 1971ல் பங்கான் அகதிகள் முகாமில் திலீப் மகலநாபிஸ் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். ‘குடல் புண்ணாயிருக்கு, தண்ணி குடுக்காதே’ என்று குழந்தைக்கு நிறுத்துவது உடைந்த சுவர் உவமையின் நேரடி விளைவு.

இன்னொரு சாட்சி நம்ம ஊரே. 1992 அக்டோபரில் மெட்ராஸில் ஓ139 என்ற புது காலரா கிருமி தென்பட்டது. பழைய ஓ1 காலராவைப் பார்த்துப் பழகின பெரியவங்களும் படுத்தாங்க. அவங்க சளி திடீர்னு மெலிஞ்சு போகலை. சளியில் காவல் நிற்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளுக்குப் புதுக் கிருமியின் மேலுறையை அடையாளம் தெரியலை, அவ்வளவுதான். பாதுகாப்பு என்பது கனம் மட்டுமல்ல, ஞாபகமும்தான். அந்த ஞாபகத்தை எந்தப் பவுடரும் தராது.

தண்டையார்பேட்டையோ திருவொற்றியூரோ, மழைக்கு அப்புறம் குழாய்த் தண்ணி நாறினா, கொதிக்க வெச்சுக் குடிங்க. வீட்டில் ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு கழுநீர் மாதிரி போக ஆரம்பிச்சா, கரைசலைக் கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.