பான்டிங்கின் மேசையில் வேறு யாரும் இல்லை

பந்திங் என்றால் எனக்குக் கோல லங்காட்டில் இருக்கும் ஊர்தான். பாட்டி பிறந்த தோட்டம் அந்தப் பக்கம். அதனால் நண்பர் ஒருவர் 'பான்டிங் டயட்' என்றபோது, "நம்ம பந்திங்கா?" என்று கேட்டு வைத்தேன். வெறும் பெயர் ஒற்றுமை. இவர் வில்லியம் பான்டிங், லண்டன்காரர். 1863இல் உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் எழுதிச் சிறுநூலாக வெளியிட்டார். மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் முறையை முதன்முதலாகப் பரவலாக்கியது அந்நூல்தான். அட்கின்ஸ், கீட்டோ என்று இன்று நாம் கேள்விப்படும் பலவற்றுக்கும் அதுதான் முப்பாட்டன். சுவீடிய மொழியில் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் 'பாந்தா' என்ற வினைச்சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது இவர் பெயரிலிருந்து வந்தது.

அப்போது நான் சோற்றை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். என் கட்சிக்கு ஆள் சேர்க்கும் ஆர்வத்தில்தான் அந்நூலைத் தேடி வாசித்தேன். வாசித்து முடித்தபோது கட்சியைப் பற்றியே சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் நூலின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பான்டிங் எழுத்தாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முதல் இளவரசர் ஆல்பர்ட் வரை அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை அவர்களுடைய குடும்ப நிறுவனம்தான் ஏற்று நடத்தியது. ஊரார் உடல்களை அளந்த குடும்பத்தில் வந்தவர் அறுபது வயதுக்கு மேல் தன் உடலை அளக்கத் தொடங்குகிறார். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 பவுண்டு, ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து காலணி கட்ட முடியவில்லை. முட்டிக்கு வலிக்காமல் இருக்க, மாடிப்படியில் பின்புறமாக இறங்குகிறார். பொது வண்டிகளில் சக பயணிகள் அடிக்கும் கிண்டலுக்குப் பயந்து வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார். இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. கணக்குப் பிள்ளை வரவுசெலவு எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போகிறார். படகு வலித்துப் பார்த்ததில் பசிதான் கூடியது. துருக்கிக் குளியல் ஐம்பது தடவை எடுத்தும் ஆறு பவுண்டுதான் குறைந்தது. தோற்றதை ஒளிக்காமல் சொல்வதாலேயே அவர் பேச்சை நம்பத் தோன்றுகிறது.

கடைசியில் காது கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போகிறார். ஹார்வி பாரிசில் குளோத் பெர்னாரின் நீரிழிவு குறித்த உரைகளைக் கேட்டுவிட்டு வந்தவர். ரொட்டி, பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். ஓராண்டளவில் 46 பவுண்டு குறைகிறது. பான்டிங் முதல் இரண்டு பதிப்புகளை இலவசமாகவே கொடுத்தார். விலை வைத்து விற்ற பதிப்பின் லாபத்தையும் அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். இன்று வாரத்துக்கு ஒரு 'முன்னே, பின்னே' படம் போட்டு வகுப்புக் கட்டணம் கேட்பவர்களை நினைத்தால் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு உணவைப் பட்டியலிடும் நூலில் சமைத்தவர் யார் என்பதே இல்லை. காலையில் இறைச்சி, மதியம் மீனோ இறைச்சியோ கோழியோ, கூடவே சிவப்பு வைன். அளவு அவுன்ஸ் கணக்கில் இருக்கிறது. அதை வாங்கி வந்த கையும் வேகவைத்த அடுப்பும் இல்லை. அன்றைய லண்டனில் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் ஏழையின் வயிற்றை நிரப்பின. அவற்றை விலக்க முடிந்ததே ஒரு வசதி. அந்த வசதி பான்டிங்கின் கண்ணில் படவே இல்லை. அவர் மேசையில் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வகை எழுத்தின் இலக்கணமாகவே அது பின்னால் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். 'நான் குண்டாக இருந்தேன், அறிந்தேன், விட்டேன், மெலிந்தேன்.' மனம் திரும்பிய பாவியின் சாட்சியம் போன்ற வடிவம். அதில் 'நான்' தவிர வேறு எழுவாய் கிடையாது. தமிழில் நான் வாசித்த சோறு துறந்த கதைகளும் இப்படித்தான் இருக்கின்றன.

என் கதையையும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமாக் கடையில் ரொட்டி சானாய் முன்னால் உட்கார்ந்து தே ஓ கோசோங் மட்டும் குடித்தேன். வீட்டில் அம்மா, "ஒரு கை போட்டுக்கயேன்" என்பார். "வேணாம்மா, கார்ப்" என்பேன். அம்மாவுக்கு நீரிழிவு. பத்து வருடமாக மாத்திரை. ஐந்தாவது மாதம் கிளினிக்கில் அவருடைய சர்க்கரை அளவு ஏறியிருந்தது. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இவன் சாப்பிட மாட்டேங்கிறான் டாக்டர். உலை வைக்கிற அளவு கைக்குப் பழகிப் போச்சு. மிஞ்சுறத கொட்ட மனசு வரல."

என் பங்குச் சோற்றையும் அம்மாதான் நான்கைந்து மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

பாட்டி, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்தவர். அவர் வளர்த்த மகளுக்குச் சோற்றைக் கொட்ட எப்படி மனசு வரும்? என் ஒன்பது கிலோ என்னைவிட்டுப் போனது உண்மை. ஆனால் அந்தக் கதையில் அம்மாவும் ஒரு பாத்திரம் என்பது எனக்குத் தெரியவில்லை. என் செயலியில் கலோரிக்கு இடம் இருந்தது, கார்புக்கு இடம் இருந்தது. அம்மாவுக்கு இடம் இல்லை.

மாவுச்சத்தைக் குறைப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. அதேபோல, அது ஒன்றே வழி என்ற கூச்சலுக்கும் ஆதாரம் போதாது. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பையும் இன்னொன்றுக்கு மாவுச்சத்தையும் குறைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு மாத முடிவில் குறைந்த சராசரி எடை முறையே 5.3 கிலோ, 6 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றே அவர்கள் சொன்னார்கள். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கவும் கூடும்.

இளைய வாசகர்களுக்கு பான்டிங்கை நான் சிபாரிசு செய்வேன். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். உடலின் அவமானத்தை அலங்காரமில்லாமல் எழுதுவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம். உங்கள் கதையை எழுதும்போது மட்டும், நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய தட்டு அப்புறம் யார் முன்னால் போனது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நான்தான் உலை வைக்கிறேன். அரிசி அளக்க ஒரு சின்னக் குவளை வாங்கியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குவளை. அம்மா எட்டிப் பார்த்து, "இது யாருக்குக் காணும்?" என்கிறார். தினமும்தான்.